வாரச் சம்பளமா, கல்வி உதவித்தொகையா? – வாசகர் கேள்வி பதில்

பிளஸ் டூ முடிவுகள் வெளிவந்து கல்லூரிச் சேர்க்கை நடந்துகொண்டிருக்கும் இந்த நாள்களில் எங்களுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன. படிப்பதற்கு உதவித்தொகை இருந்தும் பிள்ளைகள் அதற்கு விண்ணப்பிக்காமல், கையில் கிடைத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை நீக்கி, கடிதங்களைச் சுருக்கி வெளியிட்டிருக்கிறோம்.

கேள்வி: நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். என் மகன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்து 600க்கு 438 மதிப்பெண் எடுத்திருக்கிறான். தேர்வு முடிந்த கையோடு நண்பர்களுடன் ஹெல்பர் வேலைக்குப் போனான். ஒரு ஷிப்டுக்கு 450 ரூபாய் வீதம் சனிக்கிழமைதோறும் 2,700 ரூபாய் வாங்கி வருகிறான். ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் வாரத்தில் இன்னும் கூடுதலாக வருகிறது. இப்போது கல்லூரியே வேண்டாம் என்கிறான். படித்தால் அரசு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறதே என்றால், "அது எனக்கு ரெண்டு நாள் சம்பளம்" என்று சிரிக்கிறான். திட்டியும் பார்த்துவிட்டேன், அழுதும் பார்த்துவிட்டேன். அவன் மனத்தை எப்படி மாற்றுவது?

– ஒரு தாய், திருப்பூர்

பதில்: அம்மா, உங்கள் மகன் சொல்லும் கணக்கில் பிழை இல்லை. அதை முதலில் அவனிடம் ஒப்புக்கொள்ளுங்கள். வாரம் 2,700 ரூபாய் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 ரூபாய். மூன்று ஆண்டுகளில் அது நான்கு லட்சத்தைத் தாண்டும். 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தின் ஆயிரம் ரூபாயை மூன்று ஆண்டுகளுக்குக் கூட்டினால் 36,000 ரூபாய்தான் வரும். உதவித்தொகை சம்பளத்துக்கு ஈடாகிவிடும் என்று யார் சொன்னாலும், 17 வயதுப் பையன் அதை நொடியில் தகர்த்துவிடுவான். அதன் பிறகு நீங்கள் சொல்லும் சரியான செய்திகளையும் அவன் நம்ப மாட்டான்.

அவன் முன்னால் வைக்க வேண்டிய கணக்கு இதுதான். அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கான கல்விக் கட்டணம் பல ஆண்டுகளுக்கு முன்பே நீக்கப்பட்டுவிட்டது. மற்ற கட்டணங்களும் தேர்வுக் கட்டணமும் சேர்ந்து ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடியும். அரசுக் கல்லூரி மாணவருக்குப் பேருந்துப் பயண அட்டையும் இலவசம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் அவனுடைய வங்கிக் கணக்கிலேயே வந்து சேரும். ஆக, உங்களிடம் கை நீட்டாமலேயே அவன் ஒரு பட்டத்தை முடித்துவிட முடியும். குடும்பம் இழப்பது அவன் கொண்டுவரும் வாரச் சம்பளத்தை மட்டும்தான். அந்த இழப்பு உண்மையானது. அதைத் தாங்க முடியுமா என்பதை நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்து, முடியும் என்றால் அவனிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பல வீடுகளில் பிள்ளைகள் படிப்பை விடுவதற்குச் சோம்பல் காரணமாக இருப்பதில்லை. வீட்டுக் கடனைப் பற்றிப் பெற்றோர் இரவில் பேசிக்கொள்வது அவர்கள் காதில் விழுந்துவிடுகிறது.

அடுத்தபடியாக, அவன் வேலை பார்க்கும் இடத்திலேயே அவனை விசாரிக்கச் சொல்லுங்கள். அதே லைனில் பத்து ஆண்டுகளாக இருப்பவர்கள் ஹெல்பராகச் சேர்ந்தபோது என்ன வாங்கினார்கள், இப்போது என்ன வாங்குகிறார்கள்? இருபது ஆண்டு அனுபவமுள்ள டெய்லர், பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலியில், ஓடி ஓடித் தைத்தும் வாரத்துக்கு எவ்வளவு கொண்டுபோகிறார்? 2020 ஊரடங்கின்போதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்து ஏற்றுமதி ஆர்டர்கள் தடுமாறியபோதும், முதலில் யாருக்கு ஷிப்ட் குறைந்தது? அதே கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகவும் பேட்டர்ன் மாஸ்டராகவும் தரக் கட்டுப்பாட்டிலும் இருப்பவர்கள் என்ன படித்துவிட்டு அங்கே வந்தார்கள்? இந்தக் கேள்விகளுக்கு விடை உங்களைவிட அவனுக்குத்தான் எளிதில் கிடைக்கும், அவனே கேட்டறிந்த பதில்களை அவனால் சிரித்து ஒதுக்கவும் முடியாது. ஒருவேளை அந்த விடைகளைக் கேட்ட பிறகு, கலைக் கல்லூரி வேண்டாம், ஆடைத் தொழில்நுட்பம் தொடர்பான டிப்ளமோ படிக்கிறேன் என்று அவன் சொல்லலாம். அதுவும் நல்ல முடிவுதான். உரிய பாடங்களைப் படித்திருந்தால் பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். "என்னை மாதிரி நீயும் பனியன் கம்பெனியில் கிடந்து சாகாதே" என்று சொல்லாதீர்கள். அந்த வேலையில் நீங்கள் ஈட்டிய பணத்தில்தான் அவன் வளர்ந்தான் என்பது அவனுக்குத் தெரியும். அதை இழிவாகப் பேசினால், உங்களுக்குத் துணையாக நிற்க வேண்டும் என்றே அவன் அந்த வேலையை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்வான். சனிக்கிழமை அவன் நீட்டும் பணத்தை மரியாதையுடன் வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரி திறக்கும் வரை அவன் வேலைக்குப் போவதைத் தடுக்கவும் வேண்டாம்.

வாழ்க்கை முழுவதையும் இன்றே முடிவு செய் என்று அவனை நெருக்குவதைவிட, விண்ணப்பத்தை மட்டும் போட்டு வை, சேர்வதா வேண்டாமா என்பதைக் கலந்தாய்வு நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வது எளிது. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பத்துக்கு ஆகும் செலவு சில ஆண்டுகளாக 50 ரூபாய் அளவில்தான் இருந்து வருகிறது. உங்கள் ஊரின் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியையும் பக்கத்து ஊர்க் கல்லூரிகளையும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடன் உட்கார்ந்து விண்ணப்பியுங்கள். பொறியியலில் அவனுக்கு ஆர்வம் இருந்தால், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் இடம் கிடைப்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்றுக்கொள்கிறது என்பதையும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: சிவகாசி அருகே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுநிலை ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். காலண்டர் சீசனில் என் மாணவர்கள் பலர் அச்சகங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். உதவித்தொகைச் சுற்றறிக்கைகளை வகுப்பில் தவறாமல் படித்துக் காட்டுகிறேன். அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுகிறேன். அப்படியும் விண்ணப்பிப்பவர்கள் கைவிரல்களுக்குள் அடங்கிவிடுகிறார்கள். இவர்களுக்கு ஊக்கமூட்ட நான் இன்னும் என்ன பேச வேண்டும்?

– ஓர் ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

பதில்: ஆசிரியை அவர்களே, பேசியது போதும் என்றே எனக்குத் தோன்றுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இதற்கு வலுவான சான்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹையோ, வட கரோலைனா மாநிலங்களில் எரிக் பெட்டிங்கர் உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஒரு சோதனை நடத்தி, அதன் முடிவுகளை 2012இல் வெளியிட்டார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வந்த, வருமானம் குறைந்த குடும்பங்களைப் பிரித்து, ஒரு பிரிவினருக்குக் கல்லூரி நிதியுதவி எவ்வளவு கிடைக்கும் என்ற தகவலை மட்டும் கொடுத்து, விண்ணப்பிக்கும்படி தூண்டினார்கள். இன்னொரு பிரிவினருக்கு, வரிக் கணக்கில் ஏற்கெனவே இருந்த விவரங்களைக் கொண்டு அங்கேயே, சில நிமிடங்களில், நிதியுதவிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார்கள். பள்ளியிறுதி மாணவர்களிடையே, படிவம் நிரப்ப உதவி பெற்ற குடும்பத்துப் பிள்ளைகளில் இரண்டு ஆண்டுகள் கல்லூரிப் படிப்பை முடித்தவர்கள் 28 விழுக்காட்டிலிருந்து 36 விழுக்காடாக உயர்ந்தார்கள். தகவல் மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் ஏற்படவில்லை.

நாடு வேறு, படிவம் வேறு என்றாலும் உங்கள் வகுப்பறையில் நடப்பது இதுதான். பலகையில் ஒட்டிய அறிவிப்பைப் படித்த மாணவன் விண்ணப்பிக்க முனைகிறான் என்றே வைத்துக்கொள்வோம். வருமானச் சான்றிதழ் வேண்டும். அதற்கு இ-சேவை மையத்துக்குப் போக வேண்டும். கட்டணம் 60 ரூபாய். ஆதாருடன் இணைந்த கைப்பேசி எண் அப்பாவுடையது, அப்பா லாரியில் நாகபுரி போயிருக்கிறார், ஓ.டி.பி. அவருக்குப் போகிறது, அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வரும் நாளில் அம்மா தீப்பெட்டி ஆபீசில் இருக்கிறார். மூன்றாவது முறை அலைந்த பிறகு அந்தப் பையன், "எனக்கு அதெல்லாம் வேண்டாம் மிஸ்" என்று சொல்கிறான். நாம் அதை ஆர்வமின்மை என்று குறித்துக்கொள்கிறோம். அச்சகத்தில் வேலைக்குச் சேர அவனுக்கு இவற்றில் எதுவுமே தேவைப்படவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. காலையில் போய் நின்றால் மாலையில் காசு.

எனவே உங்களிடம் இருக்கும் நேரத்தைச் சான்றிதழ்களிலும் படிவங்களிலும் செலவிடுங்கள். பதினோராம் வகுப்பிலேயே ஒவ்வொரு மாணவருக்கும் சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைக்கப்பட்ட வங்கிக் கணக்கு ஆகியவை இருக்கின்றனவா என்று ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளலாம். வீட்டில் யாருமே பட்டம் பெறாத பிள்ளைகளுக்கு முதல் பட்டதாரிச் சான்று தனியாகத் தேவைப்படும். தொழிற்கல்விக் கலந்தாய்வுக்குப் போகிறவர்கள் அதைக் கடைசி நேரத்தில் தேடி அலைவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். தலைமையாசிரியர் வழியாக வட்டாட்சியர் அலுவலகத்தை அணுகி, பள்ளியிலேயே ஒரு நாள் முகாம் நடத்தித் தரும்படி கேட்கலாம். விண்ணப்பிக்கும் நாளைப் பெற்றோருக்கு வார விடுமுறை வரும் நாளாக வைத்து, கைப்பேசியுடன் வரச் சொல்லி, கணினி அறையிலேயே எல்லோருக்கும் ஒன்றாக முடித்துவிடுவதே சிறந்த வழி. ஒருவன் மட்டும் விண்ணப்பிக்கத் தயங்குவான். வகுப்பே விண்ணப்பிக்கும்போது உட்கார்ந்துவிடுவான்.

திட்டங்களின் முழுப் பட்டியலையும் எல்லோரிடமும் படிப்பதைவிட, ஒவ்வொருவருக்கும் பொருந்தும் இரண்டை மட்டும் தனியே அழைத்துச் சொல்வது நன்று. உங்கள் பள்ளியில் கீழ் வகுப்புகளும் இருந்தால் எட்டாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வில் தேர்வு பெறுபவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதைச் சொல்ல மறந்தால், தேர்வில் வென்ற பிள்ளையே பணத்தை இழந்துவிடும். முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வும் இருக்கிறது. அதில் 500 மாணவர்களும் 500 மாணவிகளும் தேர்ந்தெடுக்கப்பட்டு, பட்டப்படிப்பு முடியும் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் பெறுவதாகத் திட்டம் வகுக்கப்பட்டது. பிளஸ் டூவில் மிக நல்ல மதிப்பெண் எடுத்து, குடும்ப வருமானமும் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு, தேசிய உதவித்தொகை இணையதளம் வழியாக மத்திய அரசின் உதவித்தொகை இளநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் உண்டு. ஆனால் அதைப் பெறுபவர் வேறு உதவித்தொகையையும் சேர்த்துப் பெறலாமா என்பதை விதிகளில் பார்த்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும்.

பேச்சுக்கு ஆள் தேவைப்பட்டால், உங்கள் பள்ளியில் படித்து இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரை அழைத்து வாருங்கள். வெளியூரிலிருந்து வரும் சாதனையாளரைக் காட்டிலும், பக்கத்துத் தெரு அண்ணன் தன் வங்கிப் புத்தகத்தைத் திறந்து காட்டுவதைப் பிள்ளைகள் கவனமாகப் பார்ப்பார்கள்.

கேள்வி: எனக்கு 17 வயது. திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பி.எஸ்சி. கணிதம் படிக்க ஆசை. ஒரு ஸ்பின்னிங் மில்லுக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்ட் வீட்டுக்கு வந்து, மூன்று ஆண்டுகள் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை தருவார்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா சம்மதிக்கிற நிலையில் இருக்கிறார். எப்படிப் பேசுவது?

– ஒரு மாணவி

பதில்: மகளே, உன் அம்மாவிடம் இந்தப் பதிலை அப்படியே படித்துக் காட்டு.

அம்மா, இந்த ஏற்பாட்டுக்குச் சுமங்கலித் திட்டம் என்ற பெயர் கொங்குப் பகுதியிலும் திண்டுக்கல் வட்டாரத்திலும் பல ஆண்டுகளாக வழங்கி வருகிறது. இடையில் உடல்நலம் கெட்டு வீடு திரும்பிய பெண்கள் முடிவுத் தொகை கிடைக்காமல் நின்றார்கள் என்பது பலமுறை வெளிவந்த செய்தி. மொத்தமாகத் தருவதாகச் சொல்லும் அந்தத் தொகை, மாதச் சம்பளத்தில் குறைத்துப் பிடித்து வைத்த உங்கள் மகளின் சொந்தப் பணமாகவே பெரும்பாலும் இருக்கும். ஏஜெண்ட் சொல்வதை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். 18 வயது நிரம்பாதவரை அபாயகரமான தொழில்களில் அமர்த்துவதை 2016இல் திருத்தப்பட்ட சட்டம் தடை செய்திருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கல்யாணச் செலவு என்ற கவலை புரிகிறது. தமிழ்நாட்டு அரசே ஒரு காலத்தில் அதற்குத்தான் பணம் கொடுத்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தில் தாலிக்கு 8 கிராம் தங்கமும், படிப்புக்கு ஏற்ப 25,000 அல்லது 50,000 ரூபாயும் வழங்கப்பட்டன. அதே அம்மையாரின் பெயரிலான அந்தத் திட்டம்தான் 2022இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. 'புதுமைப் பெண்' என்று எல்லோரும் அழைப்பது இதைத்தான். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண், பட்டப்படிப்பிலோ டிப்ளமோவிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால், படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரிலான கணக்குக்கே வரும். வேறு உதவித்தொகை பெற்றாலும் இதற்குத் தடை இல்லை. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவிகளுக்கும் இது விரிவாக்கப்பட்டது. வீட்டிலிருந்து கல்லூரி தொலைவு என்றால், ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை நடத்தும் கல்லூரி விடுதிகளில் தங்குவதற்கும் உணவுக்கும் கட்டணம் இல்லை.

மகளே, அம்மா அப்போதும் தயங்கினால் உன் வகுப்பாசிரியரை வீட்டுக்கு அழைத்து வா. அம்மாவின் அச்சம் பெரும்பாலும் பணத்தைப் பற்றியதாக மட்டும் இருக்காது. நீ தினமும் பேருந்தில் போய்வருவது பற்றியும், ஊரார் பேச்சைப் பற்றியும் இருக்கும். உங்கள் ஊரிலிருந்து அதே கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தி இருந்தால், அவளுடைய அம்மாவும் உன் அம்மாவும் ஒருமுறை சந்தித்துப் பேசட்டும். கட்டாயப்படுத்தி அனுப்பும் நிலை வந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தயங்காமல் அழைக்கலாம்.

கேள்வி: பட்டம் பெற்றவர்களே உணவு டெலிவரி செய்துகொண்டிருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளை வீணாக்காமல் பிள்ளைகள் இப்போதே சம்பாதிக்கட்டும் என்று விட்டுவிடுவதில் என்ன தவறு? உதவித்தொகை என்ற ஆசையைக் காட்டி அவர்களை ஏமாற்றுகிறோமோ?

– ஓய்வுபெற்ற ஊழியர், சேலம்

பதில்: ஐயா, உங்கள் ஐயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. படித்த இளைஞர்களிடையே வேலையின்மை மிகுதி என்பதை அரசின் தொழிலாளர் கணக்கெடுப்புகளே காட்டுகின்றன. ஆனால் அந்தப் புள்ளிவிவரத்தைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். படிக்காத ஏழை வேலையில்லாமல் வீட்டில் இருக்க முடியாது. எந்தக் கூலிக்காவது போயே ஆக வேண்டும் என்பதால் அவர் வேலையில்லாதோர் கணக்கில் வருவதில்லை. பட்டதாரி சில காலமாவது காத்திருந்து தேடுகிறார். ஆகவே, படிக்காதவருக்கு நல்ல வேலை கிடைக்கிறது என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது.

நான் பரிந்துரைக்காதது ஒன்று உண்டு. கடன் வாங்கி, தரம் தெரியாத ஒரு சுயநிதிக் கல்லூரியில், ஏஜெண்ட் பேச்சை நம்பிச் சேர்வது அது. டெலிவரி பையுடன் நாம் பார்க்கும் பட்டதாரிகளில் பலர் அந்த வழியாக வந்தவர்களாக இருக்கலாம். உதவித்தொகையுடன் ஓர் அரசுக் கல்லூரியில் படிப்பவர் தோற்றாலும் கடனாளியாக வெளியே வருவதில்லை. வென்றால், பட்டம் இல்லாதவர்கள் விண்ணப்பிக்கவே முடியாத குரூப் 2, வங்கி எழுத்தர் போன்ற தேர்வுகள் அவருக்குத் திறக்கின்றன. பட்டமே வேண்டாம், கைத்தொழில்தான் விருப்பம் என்றாலும் வழி இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணமில்லாமல் படித்து, மாத உதவித்தொகையாக 750 ரூபாய் பெற்று, தகுதியிருந்தால் அதனுடன் புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் தொகையையும் சேர்த்துப் பெற்று, ஃபிட்டராகவோ எலக்ட்ரீசியனாகவோ வெளியே வந்து, ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ தொழிற்பழகுநராகச் சேரலாம். 17 வயதில் நேராக ஹெல்பராகப் போகும் பையனுக்கும் இவருக்கும் இடையே உள்ள தொலைவு ஓரிரு ஆண்டுகள்தான். ஆனால் சான்றிதழ் இல்லாமல் அந்தத் தொலைவைக் கடப்பது மிகக் கடினம்.

கேள்வி: அப்பா இறந்துவிட்டார். கடந்த ஆண்டு பிளஸ் டூ முடித்துவிட்டு பெட்ரோல் பங்கில் வேலை செய்கிறேன். தங்கை பத்தாம் வகுப்பு. என் சம்பளம் நின்றால் வீடு நடக்காது. படிக்கச் சொல்லி எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள்; கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஒரு வருடம் போய்விட்டதே, இனிமேல் முடியுமா?

– ஒரு வாசகர், கடலூர் மாவட்டம்

பதில்: தம்பி, உனக்கு நான் அறிவுரை சொல்லப்போவதில்லை. உன் வீட்டு நிலையில் வேலையை விட்டுவிடு என்று சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை. கேட்டதற்கு மட்டும் விடை சொல்கிறேன்.

முடியும். முந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ தேறியவர்களும் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம். படிப்பைத் தொடராமல் நின்றுவிட்டவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதற்காகவே 'நான் முதல்வன்' திட்டத்தின்கீழ் 'உயர்வுக்குப் படி' என்ற முகாம்கள் 2023இலிருந்து நடத்தப்பட்டிருக்கின்றன. உன் மாவட்டத்தில் இந்த ஆண்டு எப்போது, எங்கே என்பதை உன் பழைய பள்ளியின் தலைமையாசிரியரிடம் கேள். நின்றுபோனவர்களின் பட்டியல் பள்ளி வழியாகத்தான் போகிறது.

வேலையையும் படிப்பையும் சேர்த்துப் பார்ப்பதற்கு, உன் பகுதி அரசுக் கல்லூரியில் இரண்டு ஷிப்டுகளாக வகுப்பு நடந்தால் அது உனக்கு உதவும். காலை ஷிப்டில் சேர்ந்தால் பிற்பகலுக்கு மேல் பங்கில் வேலை பார்க்கலாம். பங்க் உரிமையாளரிடம் மாலை நேரத்தைக் கேட்டுப் பார். சம்பளம் குறையும். குறையும் தொகையில் ஒரு பகுதியை மாதம் ஆயிரம் ரூபாய் ஈடுசெய்யும். உன் சமூகப் பிரிவுக்கான துறையின் உதவித்தொகைக்கும் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் நீ தகுதி பெற வாய்ப்புண்டு; கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவு எழுத்தரிடம் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டுவிடு. இவ்வளவுக்குப் பிறகும் வீட்டுச் செலவுக்குப் பற்றாது என்றால், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முழுநேர வேலையுடன் பட்டம் படிக்கலாம். ஆனால் தொலைநிலைக் கல்விக்குத் தமிழ்ப் புதல்வன் தொகை கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடு. இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், தங்கை பிளஸ் டூ முடிக்கும் வரை அரசுப் பள்ளியை விட்டு மாறாமல் பார்த்துக்கொள். அவளுக்குக் கிடைக்க வேண்டிய சலுகைகள் பலவும் அதையே சார்ந்திருக்கின்றன.

கேள்வி: மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் பெயர் பதிவாகியும் மூன்று மாதங்களாகப் பணம் வரவில்லை. பணமே வராத திட்டத்துக்கு எதற்கு அலைய வேண்டும், கடைக்கு வேலைக்குப் போகிறேன் என்கிறாள். என்ன செய்வது?

– ஒரு தந்தை, தஞ்சாவூர்

பதில்: முதலில் மகளின் வங்கிக் கணக்குடன் ஆதார் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று வங்கிக் கிளைக்கே நேரில் போய்க் கேளுங்கள். கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவு செய்வதும், அரசின் நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு அந்தக் கணக்கை இணைப்பதும் வேறு வேறு. இரண்டாவது செய்யப்படாமல் இருப்பதே பணம் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம். இரண்டு வங்கிகளில் கணக்கு இருந்தால், கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்குப் பணம் போயிருக்கலாம்; பழைய கணக்கையும் பார்த்துவிடுங்கள். அடுத்து, பள்ளிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் ஆதாரைப் பள்ளிச் சான்றிதழுக்கு ஏற்பத் திருத்துவதே எளிது. மூன்றாவதாக, கல்லூரியில் இத்திட்டத்துக்குப் பொறுப்பான பேராசிரியரைச் சந்தித்து, பல்கலைக்கழக மேலாண்மைத் தகவல் தளத்தில் மகளின் பதிவு எந்த நிலையில் நிற்கிறது என்பதைத் திரையிலேயே காட்டச் சொல்லுங்கள். மகளையும் உடன் அழைத்துப் போங்கள். கல்லூரியில் தீரவில்லை என்றால் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.